எண்ணுக்குள் அடங்காத நிறம்

செண்டுமல்லி மாலையின் அடர்ந்த செம்மஞ்சள் திறன்பேசித் திரையில் சற்றே வெளிறித் தோன்றுவதுண்டு. பல வேளைகளில் குறை கேமராவில் இல்லை. நிறத்தை எண்ணால் எழுதும் முறையில் இருக்கிறது.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவையாகும். ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் குறிக்கும். இவ்வகையில் 1 கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களை எழுதலாம். ஆனால் 255 என்னும் முழுச் சிவப்பு எந்தச் சிவப்பு? எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டில் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்னும் வரையறை அதனை முடிவு செய்தது. அந்நாளைய கண்ணாடிக் குழாய்த் திரைகளைக் கருதி வகுக்கப்பட்ட எல்லை அது.

பின்வந்த திரைகள் அவ்வெல்லையைக் கடந்தன. 2016இல் வெளிவந்த ஐபோன் 7, டிஸ்பிளே பி3 என்னும் அகன்ற நிறவெளியைக் காட்டியது. ஆயினும் திரை விரிந்தால் மட்டும் போதாது. செயலிக்கும் அந்நிறங்களை எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

செயலிகளை உருவாக்க உதவும் சட்டகங்களுள் ஒன்று கூகுளின் ஃபிளட்டர். அதில் முன்பு 255க்கு மேல் எழுத இடமே இருக்கவில்லை. அதே 255ஐப் புதிய சிவப்புக்கு உரியதாக்கிவிட்டால் என்ன? முன்பே எழுதப்பட்ட செயலிகளில் எல்லாம் சிவப்பு திடீரென மிகுந்துவிடும். மனித முகங்களும் தப்பா. மேலும், 256 படிகளை அகன்ற பரப்பில் பரப்பினால் படிகளுக்கிடையே இடைவெளி கூடும். அந்தி வானம் போன்ற மெல்லிய நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரியும்.

ஆகவே, பழைய அளவுகோல் மாற்றப்படவில்லை, இருபுறமும் நீட்டப்பட்டது. ஒளியின்மை 0, பழைய முழு அளவு 1 எனக் கொண்டு தசம எண்கள் வந்தன. பி3 நிறவெளியின் முழுச் சிவப்பு இக்கணக்கில் சிவப்பு 1.09, பச்சை −0.23, நீலம் −0.15 ஆகும். குறை எண்ணால் என்ன பயன் என்று கணக்கு வகுப்பில் கேட்போருக்கு இது ஒரு விடை. குறை ஒளி என ஒன்று உலகில் இல்லை. பழைய சிவப்பில் கலந்துள்ள சிறிதளவு பச்சையையும் நீலத்தையும் கழித்தால்தான் புதிய சிவப்பு கிட்டும் என்பதே இதன் பொருள்.

2023இல் இவ்வசதி ஐபோனில் காட்டப்படும் படங்களுக்கு முதலில் கிடைத்தது. 2024 இறுதியில் வந்த பதிப்பில் நிறங்கள் அனைத்தும் தசம எண்களாயின. ஒவ்வொரு நிறமும் தன் நிறவெளியின் பெயரையும் உடன் தாங்கியது. பழைய செயலியில் எழுதிய 255 சிவப்பு இன்றும் அதே சிவப்பாகவே தோன்றுகிறது.