நாலு வரி எழுதுங்களேன்!



"செல்போன் இருக்கும்போது கடுதாசி எதுக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். வளைகுடாவுக்கும் ஆழ்கடலுக்கும் ஆட்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அதனால் இந்தக் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அஞ்சல் வந்த கதை

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் நம் ஊர்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அந்த சமஸ்தானத்துக்குத் தனியாக ஒரு தபால் துறை இருந்தது. அதன் பேரே 'அஞ்சல்'. மணி கட்டிய கம்போடு அஞ்சலோட்டக்காரர் பையைச் சுமந்து ஓடுவார். 1888-ல் சங்கு முத்திரை போட்ட தபால்தலையும் வந்தது. 1951-ல் இந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

இந்தியாவில் தபால் கார்டு 1879 ஜூலை 1-ல் அறிமுகமானது. விலை கால் அணா. இன்றைக்கும் 50 காசுதான்! ஒரு மிட்டாய்க் காசில் கார்டு காஷ்மீர் வரை போகும்.

முகவரியில் பின்கோடு முக்கியம். இது 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 629 என்றால் நம்ம பகுதி. கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று காட்டும். நாகர்கோவில் 629001, கன்னியாகுமரி 629702.

எழுத்து என்ன செய்யும்?

எங்க ஆச்சி வீட்டில் ஒரு வளைந்த கம்பியில் பழைய கடுதாசிகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். தாத்தா வெளியூரில் வேலை பார்த்தபோது எழுதியவை. தாத்தாவின் குரல் எந்தப் போனிலும் பதிவாகவில்லை. ஆனால் "தெங்குக்குத் தண்ணி விட்டியா? பிள்ளைக்குச் சளி மாறிச்சா?" என்று கேட்ட எழுத்து அப்படியே இருக்கு. ஆச்சி அதை எடுத்து வாசிக்கச் சொல்லுவாங்க. பேச்சு கேட்டதும் போய்விடும், எழுத்து நின்று பேசும்.

கடலில் பேச்சே எட்டாத இடமும் உண்டு. கரையிலிருந்து தூரம் போனால் செல்போன் கிடைக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த நம் மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. இப்போது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகுகளில் பொருத்தும் திட்டம் நடக்கிறது. அது செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தியை இரண்டு பக்கமும் கொண்டு போகும். அங்கே நாலு வார்த்தை எழுத்து ஒரு உயிர்!

வாட்ஸ்அப்பில் எழுதுவது எப்படி?

உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ல் போனது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. இன்று காலையில் போனைத் திறந்தால் ரோஜாப்பூவோடு 'குட் மார்னிங்' இருபது நிற்கும். அதை யாரோ செய்தார்கள், யாரோ தள்ளிவிட்டார்கள். அனுப்பியவர் அதில் இல்லை. கருவி எதுவானாலும் நாம் அதில் இருக்க வேண்டும். அதற்குச் சில வழிகள்:

1. பேரைச் சொல்லி, முறை வைத்துக் கூப்பிட்டுத் தொடங்குங்கள். 'சித்தப்பா' என்ற ஒரு சொல்லே பாதிக் கடிதம்.

2. இந்த வாரம் நடந்த ஒன்றை எழுதுங்கள். "நம்ம குளத்துல தாமரை பூத்திருக்கு" என்றால் ஷார்ஜாவில் இருப்பவர் கண்ணில் ஊர் தெரியும்.

3. அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி இருந்தால்தான் பதில் வரும்.

4. போன தடவை அவர் சொன்னதை ஞாபகம் வைத்து விசாரியுங்கள். "முதுகுவலி எப்படி இருக்கு?" என்பது மாத்திரையைவிடப் பெரிது.

5. போன் தொலைந்தால் எல்லாம் போகும். முக்கியமானதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

தபால்தலையில் இடம்பெற்ற நாஞ்சில் நாட்டார் மூவர்: கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் (1991), கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (2005), தோழர் ஜீவா (2010).

தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. கார்டு இன்னும் இருக்கிறது. அது நிலைப்பதும் நிலைக்காததும் நம் கையில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை தூரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கார்டிலோ போனிலோ நாலு வரி சொந்தமாக எழுதுவோமா?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி