லேப்டாப்பில் மட்டும் வை-ஃபை மெதுவா? கூடவே வந்த புரோகிராமைக் கவனியுங்கள்!

புதிய லேப்டாப்பில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைப் பிரிக்கிறோம். தயாரித்த நிறுவனமோ தன் பங்குக்கு மேலும் பல புரோகிராம்களைப் பதிந்தே அனுப்புகிறது. ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு, வாரன்டியை நினைவூட்டும் புரோகிராம், ஒலியைச் சரிசெய்யும் புரோகிராம் என்று இவை பல வகை. பெரும்பாலானவை இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருப்பவை. ஆனால் சில மாடல்களில் இணைய இணைப்பை நிர்வகிக்கும் புரோகிராம் ஒன்றும் வருகிறது. வேகத்தைக் கூட்டத்தான் அதைத் தருகிறார்கள். சில நேரங்களில் வேகத்தைக் கட்டிப்போடுவதும் அதுவேதான்.

விடுமுறைக்கு எங்கள் ஊரான கருங்கல்லுக்குச் சென்றிருந்தபோது இப்படி ஒரு லேப்டாப் என்னிடம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நர்சிங் முடித்தவர். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக ஆன்லைனில் ஜெர்மன் மொழி படிக்கிறார். வகுப்பில் ஆசிரியரின் குரல் பாதியில் அறுந்துபோகும். கேட்டு விடை எழுதும் பயிற்சியில் பாதி வாக்கியம் காதில் விழாது. தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. கட்டணத்தையும் கட்டியாகிவிட்டது. அவருடைய அம்மா என்னிடம், “மக்கா, லைன் போட்டவரு ரவுட்டரை மாத்தணும்னு சொல்லுகாரு. கடைக்காரரு லேப்டாப்புக்கு உள்ள இருக்க கார்டை மாத்தணும்னு சொல்லுகாரு. நான் எதைத்தான் மாத்தட்டும்?” என்று கேட்டார்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள். லேப்டாப் இருக்கும் அதே மேசையில் மொபைல் போனை வைத்து, அதே வை-ஃபையில் இணைத்து, பிரவுசரில் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். பிறகு லேப்டாப்பிலும் பாருங்கள். அந்த வீட்டில் போனில் 84 எம்பிபிஎஸ் கிடைத்தது. லேப்டாப்பில் கிடைத்தது வெறும் 3.6. ஆகவே லைனிலும் ரவுட்டரிலும் குறையில்லை என்று தெரிந்தது. ரவுட்டருக்கான செலவு மிச்சம்!

அடுத்து கார்டு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-ஃபை, ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்யுங்கள். அங்கே லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். இது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வேகம். இணையத்தின் வேகம் வேறு. இந்த எண்ணே மிகக் குறைவாக இருந்தால் தூரம், சுவர், பழைய டிரைவர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டத் திணறும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே கல் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த லேப்டாப்பிலோ லிங்க் ஸ்பீட் 433 எம்பிபிஎஸ் என்று இருந்தது. கார்டு நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியானால் கார்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் யாரோ குழாயை மடக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பிடித்திருந்தது அந்த நிர்வாக புரோகிராம்தான். இவ்வகை புரோகிராம்கள் லேப்டாப்பிலிருந்து போகும், வரும் தகவல்களைப் பிரித்துப் பார்த்து, வீடியோவுக்கும் கேமுக்கும் முதலிடம், டவுன்லோடுக்குக் கடைசி இடம் என்று வரிசைப்படுத்துகின்றன. பங்கு பிரிக்க வேண்டுமானால் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? எனவே இவற்றுள் சில, லைனின் வேகத்தை அளந்தோ, நம்மைக் கேட்டோ ஓர் உச்ச வரம்பைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அந்த வீட்டில் லேப்டாப் வாங்கிய வாரம் ஃபைபர் லைன் வரவில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் அதை முதலில் இணைத்திருந்தார்கள். புரோகிராமைத் திறந்து பார்த்தால், உச்ச வரம்பு 4 எம்பிபிஎஸ் என்று அன்று எழுதி வைத்தது அப்படியே இருந்தது!

இது புதிய தலைவலி அல்ல. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் வை-ஃபையை இணைக்க வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன் என்ற வசதி உண்டு. வை-ஃபை கார்டு தயாரித்தவர்களும் தங்கள் புரோகிராமைத் தந்தார்கள். இரண்டும் ஒரே கார்டுக்குச் சண்டை போட்டால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். கில்லர் என்ற பெயரில் நெட்வொர்க் கார்டும் மென்பொருளும் தந்த ரிவெட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தை 2020-இல் இன்டெல் வாங்கியது.

உங்கள் லேப்டாப்பில் பார்க்க, செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் செல்லுங்கள். கில்லர், ஸ்மார்ட்பைட், சிஃபாஸ்ஸ்பீட், கேம்ஃபர்ஸ்ட் போன்ற பெயர்கள் உள்ளனவா எனத் தேடுங்கள். இருந்தாலே குற்றவாளி என்று பொருளல்ல. பலருக்கு இவை எந்தத் தொல்லையும் தருவதில்லை.

உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் அந்த புரோகிராமைத் திறந்து, வேக வரம்பு அல்லது முன்னுரிமை வசதியை ஆஃப் செய்துவிட்டு மீண்டும் வேகத்தைச் சோதியுங்கள். ஆஃப் செய்ய வழியில்லை என்றால், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் எனத் தேடித் திறந்து, அந்தப் பெயருள்ள சர்வீஸின் மேல் டபுள் கிளிக் செய்து, ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். ஸ்டார்ட்அப் டைப் என்பதில் டிசேபிள்டு என மாற்றி ஓகே கொடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு சர்வீஸ்களில் கை வைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இதைச் செய்தவுடன் 79 எம்பிபிஎஸ் வந்தது. “அண்ணா, இவ்வளவுதானா?” என்றார். அன்று மாலை வகுப்பில் குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை.

சில நாட்கள் இப்படியே பயன்படுத்திப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் அதே இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் அன்இன்ஸ்டால் செய்யலாம். அதற்கு முன் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய வை-ஃபை டிரைவரை இறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்க வேண்டியது புரோகிராமை மட்டுமே. டிவைஸ் மேனேஜரில் உள்ள வை-ஃபை கார்டை நீக்கினால், புது டிரைவரை இறக்க இணையமே இருக்காது.

விண்டோஸ் அப்டேட்டோ, நிறுவனத்தின் அப்டேட் புரோகிராமோ நீக்கியதை மறுபடி கொண்டுவந்து வைப்பதும் உண்டு. எனவே பெரிய அப்டேட் ஒன்று முடிந்த பிறகு வேகம் திடீரெனக் குறைந்தால், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.