கொட்டகை பட்டறையான கதை



கோயம்புத்தூரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகை உண்டு. என் தந்தையார் தம் காரை நிறுத்துவதற்காகக் கட்டியது அது. பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். செங்கற் சுவர், மேலே மங்களூர் ஓடு. காரை விற்றபின் அஃது உடைந்த நாற்காலிகளுக்கும் எலிகளுக்கும் உறைவிடமாயிற்று. அதனை ஒரு சிறு தொழிற்பட்டறையாக ஆக்கவேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது. அந்த ஆசை நிறைவேறிய வகையையும், இடையில் நான் செய்த பெரும் பிழையையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில், வில்லியம் ஹியூலெட், டேவிட் பாக்கார்டு என்னும் இரு இளைஞர்கள் 1939-ஆம் ஆண்டில் ஒரு கார்க் கொட்டகையில் தொழில் தொடங்கினார்கள். அவர்களுடைய மூலதனம் 538 டாலர். பழைய துளைப்பொறி ஒன்றும் அதில் அடக்கம். பின்னர் அது உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. இவ்வரலாற்றைப் படித்த வேகத்தில் நானும் பழைய துளைப்பொறி ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். அவர்களுடைய கொட்டகையின் தரை உலர்ந்திருந்ததா என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை!

அது ஐப்பசி மாதம். ஓட்டின் வழியே ஒழுகிய மழைநீர் தரையில் ஊறிக் கிடந்தது. வெறுங்காலுடன் நின்று, ஓடிக்கொண்டிருந்த பொறியின் மேல் புறங்கை பட நகர்ந்தேன். அடுத்த கணம் சுவரோரம் விழுந்து கிடந்தேன். என் தங்கை மகன், "மாமா!" என்று அலறியபடி ஓடி வந்தான். அவன் கை பொறியின்மேல் படுமுன், "தொடாதே!" என்று எவ்வாறோ கத்திவிட்டேன். அந்த ஒரு சொல் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

நடந்தது என்ன? பொறிக்குள்ளே தேய்ந்துபோன மின்கம்பி ஒன்று இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவ்வாறு நேரும்போது மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்கென்றே 'எர்த்' கம்பி உள்ளது. எங்கள் கொட்டகையில் மூன்று துளைகள் கொண்ட பிளக் இருந்தது. ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. என் உடலும் ஈரத் தரையுமே அந்தக் கம்பியாயின.

ஃபியூஸ் ஏன் உருகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 15 ஆம்பியர் ஃபியூஸ், அந்த அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால்தான் உருகும். மனித இதயத்தைத் தடுமாறச் செய்வதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஃபியூஸ் கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று.

அதன்பின் பொறியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வேலையை முறைப்படி தொடங்கினேன்.

முதலில் நீரைத் தடுத்தோம். உடைந்த ஓடுகளையும், கறையான் அரித்த கைமரங்களையும் மாற்றினோம். சுவரின் அடியில் முழங்கால் உயரத்திற்கு ஈரம் ஏறியிருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலேறுகிறது. யாரோ அதன்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். அது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்திவிட்டது. அதனைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். ஈரம் ஆவியாக வெளியேற அஃது இடம் தரும். வெளியே மழைநீர் வடிய ஒரு கால்வாயும் வெட்டினோம். ஒரு கோடை முழுவதும் சுவரை உலர விட்டோம்.

இரண்டாவது, மின்சாரம். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் நிலத்தில் குழாய் இறக்கி, எர்த் கம்பியை முறையாக இணைத்தார். அத்துடன் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் பொருத்தினார். உள்ளே செல்லும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் அஃது இடைவிடாது ஒப்பிடுகிறது. இரண்டிற்கும் 30 மில்லியாம்பியர் வேறுபாடு தோன்றினால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

மூன்றாவது, வெளிச்சம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஆகவே சோக்கு வைத்த பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. அந்த ஒளியில், நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சுழலும் சாணைச் சக்கரம் நின்றுவிட்டதுபோலத் தோன்றக்கூடும். நின்றதென்று நம்பிக் கை வைப்பவன் விரலை இழப்பான். எனவே, துடிப்பில்லாத எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, வடக்குச் சுவரில் ஒரு சன்னலும் திறந்தேன்.

பின்னர் வேலை மேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதுவே இழைப்புளி வேலைக்கு ஏற்ற உயரம். எனக்கு அது 34 அங்குலமாக அமைந்தது. முதுகு வலியின்றி நெடுநேரம் உழைக்க முடிகிறது.

துளைப்பொறி எல்லாவற்றிற்கும் கடைசியாக, கம்பி மாற்றப்பட்டு உள்ளே வந்தது. இப்போது அதனை மிகுதியாகப் பயன்படுத்துபவன் என் மருமகன்தான். மாதந்தோறும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் அவன் பொறுப்பே.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பயனற்றுக் கிடக்கும் கொட்டகை ஒன்று இருக்கலாம். கருவி வாங்கக் கடைக்குப் போகுமுன், நல்ல மழை நாளில் செருப்பணிந்து அதற்குள் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். நீர் எங்கே வருகிறது என்பது தெரியும். உங்கள் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.