பூத்தும் விதை பிடிக்காத செடி

சூரியகாந்தி பயிரிடும் உழவர்கள் பொக்கு விதையை நன்கு அறிவர். பூத்தட்டு பெரிதாக இருக்கும். உதிர்த்துப் பார்த்தால் மணி இராது. ஆஸ்திரேலியாவில், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அரிய செடியைக் காப்பாற்றவும் பொக்கே தடையாக நிற்கிறது.

அதன் பெயர் 'பட்டன் ரிங்கிள்வோர்ட்'. சுமார் ஓரடி உயரம் வளரும் பல்லாண்டுச் செடி. பித்தான் போன்ற மஞ்சள் பூக்கள் பூக்கும். புல்வெளிகள் உழப்பட்டும் மேய்க்கப்பட்டும் போனதால், இன்று விக்டோரியா மாநிலத்திலும் கான்பரா நகரை ஒட்டியும் சிறு சிறு துண்டு நிலங்களில்தான் எஞ்சியுள்ளது. ரயில் பாதையோரம், கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களே இதன் புகலிடம்.

பொக்கு ஏன்?

இச்செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. மரபுக்கூறு ஒத்த உறவுச் செடியின் மகரந்தத்தையும் ஏற்பதில்லை. விதைகளோ தாய்ச்செடியின் அருகிலேயே விழுகின்றன. ஆகவே கூட்டம் சிறுத்தால் சுற்றிலும் உறவுச் செடிகளே மிஞ்சும். பூ நிறைந்தும் விதை குறையும். விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இராது. எனவே ஒரு கூட்டம் அழிந்தால் அவ்விடத்தில் தானாக மீளாது.

வளர்க்கும் முறை

1. உரிய அனுமதி பெற்று, பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக விதை எடுக்க வேண்டும்.

2. விரலால் அழுத்திப் பார்த்து, திரண்ட விதையை வைத்துக்கொண்டு பொக்கை நீக்க வேண்டும்.

3. நல்ல வடிகாலுள்ள மண் நிரப்பிய தட்டுகளில் மேலாகத் தூவி, மெல்லிய மணலால் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். தாய்ச்செடி வாரியாக அடையாளமிடுவது அவசியம்.

4. வேர் பிடித்த நாற்றுகளை, புல் அடராத வெயில் படும் இடத்தில் நட வேண்டும். வெவ்வேறு தாய்ச்செடிகளின் நாற்றுகளைக் கலந்து நடுவதே இதில் முக்கியம்.

நமக்குரிய பாடம்

சூரியகாந்தி பூக்கும் தருணத்தில் தேனீக்கள் வந்தால் மணி பிடிப்பு கூடும். அப்போது பூச்சி மருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும். காலை 9 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், இரு பூத்தட்டுகளை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்து விடலாம். நாட்டுக் கம்பும் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிரே. அதற்கு விதை ஒதுக்கும்போது ஒரே கதிரை நம்பாமல், பல நல்ல கதிர்களிலிருந்து எடுத்து வைப்பீர்.