பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு: லினக்ஸில் வைஃபை வராவிட்டால் என்ன செய்வது?

மெதுவாகிவிட்டது என்று அலமாரிக்குள் போன மடிக்கணினி ஒன்றாவது நம் வீவக வீடுகள் பலவற்றில் இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதிக்குப் பிறகு அத்தகைய கணினிகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் அன்றுடன் நிறுத்திக்கொண்டது. பதிவுசெய்யும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது.

விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017க்கு முன் வாங்கிய பல கணினிகள் இந்தத் தகுதியை எட்டுவதில்லை. ஆனால் அவற்றின் திரை, விசைப்பலகை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். ஒரே கணினியைப் பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில் இன்னொரு கணினி கிடைப்பது சிறிய விஷயமன்று. மாணவர் கற்றல் தளம் போன்றவை உலாவியிலேயே இயங்குவதால் வீட்டுப்பாடத்துக்கு அது போதும்.

ஆனால், பலர் பாதியில் கைவிடுவது வைஃபை சின்னம் திரையில் தோன்றாதபோதுதான். அட்டை பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கணினியை மீண்டும் மூடிவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அட்டையில் பழுது எதுவும் இருப்பதில்லை. அதற்கு வேண்டிய ஒரு சிறு மென்பொருள்தான் கணினியில் இருப்பதில்லை.

காரணம் என்ன?

இயங்குதளத்துக்கும் வைஃபை அட்டைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளரைப் போல வேலை செய்வது 'டிரைவர்' எனப்படும் இயக்கி. அட்டையில் உள்ள சில்லுக்குள் ஏற்றப்பட்டு அதை வேலை செய்யவைப்பது 'ஃபர்ம்வேர்'. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அட்டை வேலை செய்யாது.

தயாரிப்பாளர்கள் இவற்றை விண்டோஸுக்குத் தவறாமல் தருகிறார்கள். லினக்ஸுக்கு எல்லாரும் அப்படித் தரவில்லை. சில்லு எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து தொண்டூழியர்களே இயக்கி எழுதிய காலமும் உண்டு. ஏதெரோஸ் நிறுவனம் 2008லும் பிராட்காம் 2010லும் தங்கள் சில அட்டைகளுக்குத் திறந்த மூல இயக்கிகளை வெளியிட்ட பிறகு நிலைமை மேம்பட்டது. திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேரை நீண்டகாலம் தனியாகவே வைத்திருந்த டெபியன் குழுவும், 2022ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டது.

ஆகவே, மடிக்கணினியின் மூடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைவிட, உள்ளே இருக்கும் வைஃபை சில்லு யாருடையது என்பதே முக்கியம். இன்டெல் அட்டைகள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். பழைய ஆப்பிள் மேக்புக் கணினிகளில் பரவலாக உள்ள பிராட்காம் சில்லுகளும், ரியல்டெக் சில்லுகளில் சிலவும் கூடுதல் வேலை வைக்கும்.

நிறுவும் முன் சோதியுங்கள்

லினக்ஸை ஒரு யுஎஸ்பி விரலியில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடுங்கள். எப்போதும் அண்மைப் பதிப்பையே பதிவிறக்குங்கள். புதிய பதிப்புகளில் கூடுதல் அட்டைகளுக்கான இயக்கிகள் இருக்கும். நிறுவ முடிவெடுத்தால் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

வைஃபை தெரியாவிட்டால்

முதலில், விமானப் பயண முறை இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். சில பழைய கணினிகளின் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு சிறிய விசை இருக்கும். அது அணைந்திருந்தால் எந்த மென்பொருளாலும் பயனில்லை.

அடுத்து, சில்லின் பெயரைக் கண்டுபிடியுங்கள். லினக்ஸ் மின்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் நெட்வொர்க் பகுதியில் அது இருக்கும். இயக்கி உள்ளதா இல்லையா என்பதும் அங்கேயே தெரியும்.

இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ இயக்கி வேண்டும். இந்தச் சிக்கலுக்குக் கைப்பேசியே தீர்வு. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பிவழி கணினியில் இணைத்து, அதன் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்குங்கள். கம்பிவழி இணையம் கிடைத்ததாகவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அந்த இணைப்பே கணினிக்குப் போகும். மாதத் திட்டத்தின் டேட்டா குறையாது.

இணையம் வந்ததும் மேம்பாடுகளைப் பதிவிறக்கிவிட்டு, 'டிரைவர் மேனேஜர்' செயலியைத் திறந்து அது பரிந்துரைக்கும் இயக்கியை நிறுவிக் கணினியை மறுபடியும் தொடக்குங்கள். 'செக்யூர் பூட்' பாதுகாப்பு இயங்கும் கணினியில், நிறுவும்போது ஒரு மறைச்சொல் கேட்கப்படலாம். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த மறைச்சொல்லை இட வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிச் சென்றால், இயக்கி நிறுவப்பட்டிருந்தும் வைஃபை வராது.

கடைசி வழி: வேறு அட்டை

அப்படியும் வராவிட்டால் யுஎஸ்பி வைஃபை அட்டை ஒன்று வாங்கலாம். தேக்காவிலிருந்து சிம் லிம் ஸ்குவேர் நடந்து போகும் தூரம்தான். கடையில் வேகத்தை மட்டும் கேட்காமல் சில்லின் பெயரையும் கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7921ஏயு ஆகியவற்றுக்கான இயக்கிகள் லினக்ஸுக்குள்ளேயே உள்ளன. ஒரே மாடல் பெயரில் வரும் அட்டைகளிலும் பதிப்புக்குப் பதிப்பு சில்லு மாறலாம் என்பதால், வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே இருக்கும் அட்டையையே மாற்ற விரும்புவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சில பழைய லெனோவோ, எச்பி கணினிகள் தங்கள் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்பதில்லை. இன்டெல் ஏஎக்ஸ்210 தனித்து இயங்கும் அட்டை. பெயரில் அதை ஒத்திருக்கும் ஏஎக்ஸ்211, குறிப்பிட்ட இன்டெல் செயலிகள் உள்ள கணினிகளில் மட்டுமே இயங்கும்.

யார் செய்யக்கூடாது?

பள்ளியின் நிர்வாக மென்பொருள் உள்ள கற்றல் சாதனத்திலும் அலுவலகக் கணினியிலும் இதைச் செய்யாதீர்கள். விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் லினக்ஸ் ஒத்துவராது.

மற்றவர்கள் முயன்று பார்க்கலாம். வைஃபை வந்துவிட்டால், நூலகத்திலும் உணவங்காடியிலும் கிடைக்கும் வயர்லெஸ்@எஸ்ஜி இலவசச் சேவையை இந்தக் கணினியிலும் பயன்படுத்தலாம். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. பேரப்பிள்ளைக்குப் பாடம், தாத்தா பாட்டிக்குத் தமிழ்ச் செய்தி என்று இரண்டுக்கும் அது உதவும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. உண்மையிலேயே பழுதான கணினி மின்கழிவுத் தொட்டிக்குப் போகட்டும். வைஃபை சின்னம் வரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கணினி அங்கே போக வேண்டியதில்லை.