'நம்பர் சொல்லுங்க மாமா!' - தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி... யாருக்குக் கதவைத் திறக்கிறோம்?

புதுச்சேரியின் கிராமப்புறத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது சுத்துக்கேணி. ஊசுட்டேரிக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோகும் வாய்க்காலுக்கே இந்த ஊரின் பெயர்தான். என் தாய்மாமா அந்த ஊர்க்காரர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். பென்ஷன், கரன்ட் பில், பேத்தியின் பள்ளி விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு லேப்டாப்பும் ஒரு செல்போனும்தான் துணை. அவை முரண்டு பிடித்தால் சென்னையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்.

"ஏம்ப்பா, பிரின்ட்டு வரமாட்டேங்குது. என்னமோ இங்கிலீஷ்ல கேக்குது."

"ஒண்ணும் அமுக்காதீங்க மாமா. அந்த ஆப்பைத் திறந்து நம்பர் மட்டும் சொல்லுங்க."

அவர் எண்ணைப் படிப்பார். அடுத்த நிமிடம் சுத்துக்கேணியில் இருக்கும் லேப்டாப்பின் திரை, சென்னையில் என் முன்னால் இருக்கும். அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்து, "பேய் புடிச்ச மாதிரி ஓடுதுப்பா" என்று சிரிப்பார். பஸ் ஏறி திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர அரைநாள் ஆகும். இப்படிச் செய்தால் 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் மாமாவுக்கு வேறொரு போன் வந்தது. "ஐயா, பேங்க்லேருந்து பேசுறோம். உங்க கேஒய்சி இன்னியோட முடியுது. சாயங்காலம் அக்கவுன்ட் பிளாக் ஆயிடும். நீங்க அலைய வேணாம், ஒரு ஆப் போட்டு நம்பர் சொல்லுங்க, நாங்களே சரி பண்ணிடுறோம்."

மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் செய்வதும் இதேதானே! செல்போனில் ஆப்பை இறக்கினார். எண் வந்தது. நான்கு இலக்கம் படித்துவிட்டார். அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த அத்தை கேட்டார்: "யாருங்க?"

"பேங்க்லேருந்து."

"நம்ம புள்ளகிட்ட உதவி வேணும்னா நாமதான கூப்புடுவோம்? இவன் ஏன் தானா கூப்புடுறான்?"

மாமா போனை வைத்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. ஆனால், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியாதவனிடம் எண்ணைப் படித்துக் காட்டும் பழக்கத்தை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!

இது எப்படி வேலை செய்கிறது?

அடிப்படை எளிமையானது. உங்கள் திரையின் படம் இன்டர்நெட் வழியாக உதவி செய்பவருக்குப் போகிறது. அவர் மவுஸை நகர்த்துவதும் கீபோர்டில் தட்டுவதும் அதே வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. உங்கள் நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்ததற்குச் சமம்.

இது புதிய விஷயம் இல்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே 'ரிமோட் டெஸ்க்டாப்' இருந்தது. அப்போது அது அலுவலகங்களுக்கான வசதி. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற மென்பொருள்கள்தான் 'ஓர் எண்ணைச் சொன்னால் போதும்' என்று அதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. நம் ஊர் ஜோஹோ நிறுவனமும் 'ஜோஹோ அசிஸ்ட்' என்ற பெயரில் இதே சேவையைத் தருகிறது.

இந்த மென்பொருள்கள் எதுவும் திருட்டு மென்பொருள் இல்லை. ஆனால், நல்லவர் நுழையும் வாசலில் கெட்டவனும் நுழையலாம். எனிடெஸ்க்கைப் பயன்படுத்தி யுபிஐ பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2022-ல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் திரைப் பகிர்வு ஏமாற்றைத் தனியாக விளக்கியது.

கம்ப்யூட்டரில் என்ன புதுசு?

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைத்துவந்த 'ரிமோட் டெஸ்க்டாப்' ஆப்புக்கான ஆதரவு 2025 மே 27-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் இடத்தில் 'விண்டோஸ் ஆப்' வந்திருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பழைய 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' அப்படியே தொடர்கிறது. ஆனால் ஒன்று... வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் விண்டோஸின் 'ஹோம்' பதிப்புதான் இருக்கும். அதிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குள் போகலாம். அதற்குள் வேறொருவர் இந்த வழியில் வர முடியாது.

அப்படியானால் வீட்டுக்கு எது சரி? விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு 'குவிக் அசிஸ்ட்' போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இதில் நல்ல விஷயம், எண்ணை உருவாக்குவது உதவி செய்பவர். அதற்கு அவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். அந்த எண் 10 நிமிடம்தான் செல்லும். நீங்கள் அதைத் தட்டி, அனுமதி கொடுத்த பிறகே திரை தெரியும்.

இன்னொன்று, 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்'. இதில் 12 இலக்க எண் வரும். ஒரு முறைதான் பயன்படும். 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, 'தொடர்ந்து பகிரலாமா?' என்று உங்களிடமே கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் இணைப்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்காது.

பல மென்பொருள்களில், ஆள் இல்லாதபோதும் நுழைவதற்கு நிரந்தர பாஸ்வேர்டு வைக்கும் வசதி உண்டு. அலுவலக சர்வர்களுக்கு அது தேவை. பெரியவர்களின் கம்ப்யூட்டரில் அதை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் அனுமதித்தால்தான் கதவு திறக்க வேண்டும். அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2024 பிப்ரவரியில், தங்கள் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் நிறுவனம் அறிவித்து, பாஸ்வேர்டை மாற்றவும் புதிய பதிப்புக்கு மாறவும் சொன்னது.

செல்போனில் பூட்டு பலமாகிறது

இன்றைக்கு வங்கி, யுபிஐ, ஓடிபி எல்லாம் செல்போனில் இருக்கின்றன. அதனால் திருடர்களின் கண் இப்போது அதன் மேல்தான். போன் தயாரிப்பவர்களும் சமீபத்தில் சில பூட்டுகளைப் போட்டிருக்கிறார்கள்.

* ஆண்ட்ராய்டு 15: திரையைப் பகிரும்போது நோட்டிஃபிகேஷனில் வரும் ஓடிபி எதிராளிக்குத் தெரியாமல் மறைக்கப்படும். முழுத் திரைக்குப் பதிலாக, ஒரே ஓர் ஆப்பை மட்டும் காட்டவும் முடியும்.

* ஆண்ட்ராய்டு 16: உங்கள் போன்புக்கில் இல்லாத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆப்புக்கு 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கொடுக்க முடியாதபடி தடுக்கும். உங்கள் போனை இன்னொருவர் இயக்க, பெரும்பாலும் இந்த அனுமதியைத்தான் கேட்பார்கள்.

* யுபிஐ ஆப்கள்: அறிமுகமில்லாத எண்ணோடு பேசியபடி, திரையையும் பகிர்ந்துகொண்டு பணப் பரிமாற்ற ஆப்பைத் திறந்தால் எச்சரிக்கை வரும். ஒரே தட்டில் போனையும் பகிர்வையும் துண்டிக்கலாம். கூகுள் பே, பேடிஎம், நவி ஆப்களுடன் சேர்ந்து இதை இந்தியாவில் சோதனை முறையில் கொண்டுவருவதாக 2025 நவம்பரில் கூகுள் அறிவித்தது.

* வாட்ஸ்அப்: வீடியோ காலில் திரையைக் காட்டும் வசதி 2023-ல் வந்தது. தெரியாத எண்ணுக்குத் திரையைக் காட்டப்போனால் எச்சரிக்கும் வசதி, 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

ஐபோனில், வெளி ஆப்கள் உங்கள் திரையைப் பார்க்கலாமே தவிர, தொட முடியாது. ஐஓஎஸ் 18-லிருந்து, ஃபேஸ்டைம் அழைப்பில் நீங்கள் அனுமதித்தால் மட்டும் எதிரில் இருப்பவர் உங்கள் திரையை இயக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு சிக்கல். நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். புதிய ஆண்ட்ராய்டின் பூட்டு அதில் வராது. ஓடிபி தெரியாவிட்டாலும், 'பின் நம்பரைத் தட்டுங்கய்யா' என்று பேசியே தட்ட வைப்பவர்கள் உண்டு. அதனால், பூட்டை நம்பி மட்டும் இருக்க முடியாது.

வீட்டுக்கு நான்கு விதிகள்

1. உதவி கேட்டு நாம்தான் அழைக்க வேண்டும். தானாக வரும் 'உதவி' அழைப்பில் எந்த ஆப்பையும் இறக்கக் கூடாது. வங்கிக்காரர் யாரும் உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

2. செல்போனில் தொலைதூர இயக்க ஆப் நிரந்தரமாக இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

3. உதவி நடக்கும்போது வங்கி, யுபிஐ ஆப்களைத் திறக்காதீர்கள். பிள்ளையே கேட்டாலும் பாஸ்வேர்டைத் தட்டுவது உங்கள் விரலாக இருக்கட்டும்.

4. அம்புக்குறி தானாக ஓடும்போது திரைக்கு முன்னாலிருந்து எழுந்து போகாதீர்கள். சந்தேகம் வந்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் போனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். இணைப்பு அறுந்துவிடும். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அதன் பிறகு அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டு, பின் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இதில் ஒவ்வொரு நிமிடமும் பணம்தான். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகும் பணம் போனால், அந்த இழப்பு வங்கியுடையது. 'மகன் வந்ததும் சொல்லிக்கலாம்' என்று சாயங்காலம்வரை காத்திருந்தால், அந்த நேரம் முழுக்கத் திருடனுக்கு.

பெரியவர்கள் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், திட்டு விழும் என்ற பயம். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை நாம் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர்கள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் சுத்துக்கேணிக்குப் போயிருந்தேன். மாமாவின் செல்போனில் இருந்த ஆப்பை நீக்கினேன். லேப்டாப்பில் குவிக் அசிஸ்ட்டை எப்படித் திறப்பது என்று இருவருக்கும் காட்டிக் கொடுத்தேன். அத்தை கேட்ட கேள்வியை மாமா ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டிவிட்டார்: 'கூப்பிட்டது நாமா, அவனா?'

போன வாரம் நானே அவரை அழைத்தேன். "மாமா, லேப்டாப்புக்கு அப்டேட் வந்திருக்கும். ஒரு நம்பர் சொல்றேன், தட்டுறீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குரல் வந்தது.

"இருப்பா, நீ வையி. நானே உன் நம்பருக்குக் கூப்புடுறேன்."