கிணற்றில் புகும் சமுத்திரம்

காவேரிப்பாக்கம் பெரிய ஏரிக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஏரியில் நிரம்பி வழியும் ஜலம் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, பூண்டி வழியாகச் சென்று, எண்ணூரில் கடலில் கலக்கிறது. வழியில் அந்த ஆற்று ஜலம் மணலுக்குள் இறங்கி, மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி ஊற்றுகளுக்கு உயிரூட்டுகிறது.

நல்ல ஜலம் உப்பு ஜலத்தைவிட லேசானது. ஆகையால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல ஜலம் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உப்பு அண்டாது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழே 40 அடி பறிபோகும்!

மீஞ்சூரில் நேர்ந்தது இதுவே. சென்னை நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் கழனிகளுக்குமாக ஓயாமல் இறைத்தார்கள். 1969இல் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு, பிற்காலத்தில் 10 கிலோமீட்டரையும் தாண்டியது. ஒருமுறை உப்பேறிய ஊற்றை ஒரு நல்ல மழை திருத்திவிடாது.

கடற்கரைப் பிரதேசங்களின் அபாயத்தை மதிப்பிட 'கால்டிட்' என்றொரு முறை உண்டு. ஊற்றுப் படுகையின் வகை, அதில் ஜலம் ஓடும் வேகம், ஜலமட்டத்தின் உயரம், கடலின் தூரம், ஏற்கெனவே ஏறிய உப்பு, படுகையின் கனம் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். கடலைத் தள்ளிவைக்கவோ மண்ணை மாற்றவோ நம்மால் இயலாது. ஜலமட்டம் மட்டும் நம் கையில் இருக்கிறது. ஏரிகளையும் கால்வாய்களையும் தூர்ந்துபோகாமல் காப்பதும், அளவறிந்து இறைப்பதுமே அதை உயர்த்தும் வழி. மேற்கே ஏரிகள் தூர்ந்தால், கிழக்கே கிணறுகள் கரிக்கும்.